ராத்திரி ஒன்பது மணியும் மாப்பிள்ளைச் சம்பாவும்

பாபநாசம் போகிறேன் என்று சொன்னதும் ஆபீஸில் எல்லோரும், "அருவியில் குளிக்கவா?" என்றுதான் கேட்டார்கள். அது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். நான் போனது தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம். இங்கே அருவியும் கிடையாது, மலையும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை வயல்தான். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் ரோட்டில், தாராசுரம், சுந்தரப்பெருமாள்கோவில் எல்லாம் தாண்டி வரும் சின்ன ஊர். கீர்த்தனங்கள் பாடிய பாபநாசம் சிவன் (1890-1973) பிறந்தது போலகத்தில். தமையனார் இருந்த இந்த ஊருக்கு வந்து தங்கப்போய், ஊர்ப் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. அழுது முடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் அத்தை வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷம் பழகினோம். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி நிச்சயதார்த்தமும் ஆயிற்று. நாலே மாசத்தில், "எனக்கு இது சரியா வரும்னு தோணலை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் போன் வரும். அதற்கப்புறம் அந்த ஒன்பது மணியைத் தாண்டுவதுதான் எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. கையிலோ போன் இருக்கிறது. சும்மா இருக்குமா? பரோட்டா, பிரியாணி, ஐஸ்கிரீம் என்று ஆர்டர் செய்து சாப்பிட ஆரம்பித்தேன். எட்டு மாசத்தில் பதினோரு கிலோ ஏறிவிட்டது.

நடுவில் ஒருமுறை ரோஷமும் வந்தது. 'இளைச்சு, அழகாகி, போட்டோ போடறேன். அவன் பார்த்து வயிறெரியணும்!' என்று சபதம் செய்து ஜிம்மில் பணம் கட்டினேன். விலை உயர்ந்த ஷூ வாங்கினேன். சரியாகப் பதினோரு நாள்! பன்னிரண்டாம் நாள் அவருடைய கல்யாண போட்டோவை யாரோ அனுப்பி வைத்தார்கள். அன்றைக்கு ஷூ கட்டிலுக்கு அடியில் போனதுதான். பிரியாணி கட்டிலுக்கு மேலே வந்தது.

அப்புறம் ஆபீஸில் வருஷா வருஷம் செய்யும் ரத்தப் பரிசோதனை. மூன்று மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 இருந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் சரி. 6.5 தொட்டால் சர்க்கரை வியாதி. நான் நடுவிலே, வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயது முப்பத்து மூன்று.

"எத்தனை மாசம்மா?"

தை மாசக் கடைசி. எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறி, விடிகாலை கும்பகோணத்தில் இறங்கி, பஸ் பிடித்தேன். பக்கத்து சீட்டில் ஒரு வயதான அம்மா, மடியில் பூக்கூடையுடன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிகுந்த கனிவோடு, "எத்தனை மாசம்மா? கருகாவூருக்குத்தானே?" என்றார்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருக்கருகாவூர். கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி. சுகப்பிரசவத்துக்காக எங்கெங்கிருந்தோ பெண்கள் வருவார்கள். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. என் வயிறு அப்படி இருந்தது.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லை என்று சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அம்மா இரண்டு முழம் மல்லிகையை என் கையில் வைத்து, "நல்லபடியா ஆகும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பூவைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அதோடுதான் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. மாமா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. எட்டு மா நிலம், ஒரு ஓட்டு வீடு, பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆனால் ஆள் கொத்தவரங்காய் மாதிரி. என்னைப் பார்த்ததும் ஏன் இப்படிப் பெருத்துவிட்டாய் என்று கேட்கவில்லை. "முகம் கழுவிட்டு வாடி, காப்பி ஆறிடும்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுப்பினாள். "கோயிலுக்குப் போகணும். எனக்குத் துணைக்கு வா."

"நடைப்பயிற்சியா அத்தை? எனக்கு இப்ப எதிலயும் இஷ்டம் இல்லை."

"இஷ்டத்தை யாருடி கேட்டா? துணைக்குத்தானே கூப்பிடறேன்."

நூற்றெட்டாவது

பாபநாசத்தின் பெரிய விசேஷம், நூற்றெட்டு சிவாலயம் என்று ஜனங்கள் சொல்லும் இராமலிங்கசுவாமி கோயில். கீழை ராமேசுவரம் என்றும் பெயர். கரன், தூஷணன் முதலானவர்களைக் கொன்ற தோஷம் நீங்க ராமர் இங்கே 108 லிங்கம் பிரதிஷ்டை செய்ய நினைத்தார் என்பது ஸ்தலபுராணம். ஒரு லிங்கம் கொண்டு வரக் காசிக்குப் போன அனுமார் வரத் தாமதமாகிவிட்டது. நேரம் தவறக்கூடாதென்று சீதை மண்ணால் பிடித்துக் கொடுக்க, எல்லாவற்றையும் பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். உள்ளே ராமலிங்கசுவாமியும் பர்வதவர்த்தினி அம்பாளும். அவர்களைத் தவிர வரிசை வரிசையாக லிங்கங்கள். மூலவரோடு சேர்த்து 107.

முதல் நாள் வீட்டிலிருந்து கோயில் வரை நடந்ததிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அத்தைக்கு இருபது நிமிஷ நடை. எனக்கு முப்பத்தைந்து நிமிஷம். உள்ளே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தோம். முப்பத்தொன்றில் என் நினைவு எங்கேயோ போய்விட்டது. எங்கே என்று சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும்!

"எண்ணிக்கை தப்பிடுச்சு அத்தை."

"தப்பினா என்ன? மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பி."

அன்று மூன்று தடவை தப்பியது. மூன்று தடவை ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். மனசைக் கட்டி வைக்க முடியவில்லை என்று கஷ்டப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலும் நடந்து, வாயும் எண்ணினால், நினைக்க மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான்.

நூற்றேழு ஆனதும் அத்தை வெளியே அழைத்துப் போனாள். நூற்றெட்டாவது கோயிலுக்கு வெளியே தனியாக இருக்கிறது. அனுமார் காசியிலிருந்து கொண்டு வந்தது. உள்ளே இடமில்லை என்று தெரிந்து அவருக்குக் கோபம் வந்ததாம். உள்ளே உள்ள லிங்கத்தை வாலால் கட்டி இழுத்தாராம். கடைசியில் ராமர், 'இந்த அனுமந்த லிங்கத்தையும் தரிசித்தால்தான் பலன்' என்று சொல்லி இதற்கும் ஒரு ஸ்தானம் கொடுத்தார்.

"வேண்டாம்னு ஒதுக்கினதுன்னு நினைச்சுடாதே. இதைப் பார்க்காம போனா கணக்கே முடியாது" என்றாள் அத்தை. சொன்ன கையோடு, வழியில் கீரை வாங்க வேண்டும், காசு கொண்டு வந்தாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆறு மணி, ஒன்பது மணி

மூன்றாம் நாள் கோயிலிலிருந்து திரும்பி வரும்போது கேட்டேன். "தினமும் ஆறு மணிக்கு எப்படி அத்தை எழுந்து வரே? சோம்பலா இருக்காதா?"

"ஆறு மணிதாண்டி எனக்கு ஆகாத நேரம். உங்க மாமா திண்ணையில உட்கார்ந்து காப்பி கேப்பாரு. அவர் போன பிறகு அந்த நேரம் திண்ணையைப் பார்க்க முடியலை. அதான் வெளியில கிளம்பினேன். சர்க்கரை வந்தது அப்புறம்தான். டாக்டர் நடக்கச் சொன்னாரு. நான்தான் ஏற்கெனவே நடக்கறேனே!"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு அவளே கேட்டாள். "உனக்கு எந்த நேரம்?"

"ராத்திரி ஒன்பது."

"அப்ப ஒன்பதுக்கு ஒரு வேலை வேணும். அவன் பார்த்து வயிறெரியணும்னு நீ நடந்தா, உன் கால் அவன் வீட்டு வாசல்லதான் போய் நிக்கும். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்துக்க. மத்த இருபத்து மூணு மணி தானா நடக்கும்."

அன்று ராத்திரி ஏழு மணிக்கே சாப்பாடு முடிந்தது. ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முறத்தையும் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தையும் என் முன்னால் வைத்தாள். முறத்தில் செக்கச் செவேலென்று அரிசி.

"மாப்பிள்ளைச் சம்பா. கல் பார்த்து, கழுவி ஊறப் போடு. ராத்திரி பூரா ஊறினாதான் நாளைக்கு வேகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாசத்தில் முதல் சிரிப்பு. "மாப்பிள்ளை போனான், மாப்பிள்ளைச் சம்பா வந்தது!" என்றேன். அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அரிசியைக் கழுவினேன். ஒன்பதரை ஆகிவிட்டது!

இந்த அரிசிக்கு ஏன் இந்தப் பெயர்? பெண் கேட்டு வரும் வாலிபன் இளவட்டக் கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும், அந்தத் தெம்புக்கு இந்தச் சோறு போடுவார்கள் என்று சொல்வார்கள். காவிரிப் படுகையில் இப்படிப்பட்ட ரகங்கள் அருகிக்கொண்டே வந்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்து, விவசாயிகளிடம் கொடுத்துப் பரப்பினார் 'நெல்' ஜெயராமன். 2018ல் அவர் மறைந்தார். அவர் கொடுத்த விதைகள் இன்னும் வயலில் நிற்கின்றன.

மூவாயிரம் கலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பாலைத்துறைக்கு நடந்தோம். பாபநாசத்தை ஒட்டியே இருக்கிறது. பாலைவனநாதர் கோயில், தேவாரப் பாடல் பெற்ற ஸ்தலம். அங்கே செங்கல்லால் கட்டிய ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. கீழே வட்டம், மேலே கூம்பு. பெரிய குதிர் ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளுமாம். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சீமையில் மூன்று வேளையும் சோறுதான். அந்தக் காலத்தில் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் நாற்று பறித்தார்கள், நட்டார்கள், களை எடுத்தார்கள், அறுத்தார்கள், நெல்லைக் குத்தினார்கள். இன்று அறுப்பதும் மெஷின், அரைப்பதும் மெஷின், கிண்டியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான். வேலை போய்விட்டது. சோற்றின் அளவு மட்டும் போகவில்லை. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்னைப்போல் வாசற்படியில் நிற்பதாகவும் சொல்கிறது.

ஆனால் வாசற்படியிலிருந்து திரும்ப முடியும். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். தினம் அரைமணி நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, இவ்வளவுதான். சாதாரணமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்கு வியாதி வருவது நூற்றுக்கு 28 பங்கு போலக் குறைந்தது. இதில் எனக்கு மிகவும் ஆறுதலான சங்கதி, எடை அவ்வளவாகக் குறையாமலேயே அந்த நன்மை கிடைத்தது என்பதுதான். அதாவது, போட்டோவில் தெரியாவிட்டாலும் ரத்தத்துக்குத் தெரியும்!

அத்தையின் தட்டு

அத்தை வீட்டில் பட்டினி என்பதே கிடையாது. தட்டில் பாதி காய், கீரை. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வாழைத்தண்டு, வாழைப்பூ, பூசணி, எது கிடைக்கிறதோ அது. கால் பங்கு பருப்போ பயறோ. மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சோற்றில் கை வைக்க வேண்டும் என்பது சட்டம்.

"சிவப்பரிசிதானேன்னு மூணு தட்டு சாப்பிட்டா, அதுவும் சர்க்கரைதாண்டி" என்று எச்சரித்தாள். சரிதான். தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து அதிகம், மெல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சத்தில் வயிறு நிறைகிறது. அதுதான் அதன் சூட்சுமம். மந்திரம் ஒன்றும் இல்லை.

சமைக்கும் விதம் இதுதான்: ஒரு ஆழாக்கு மாப்பிள்ளைச் சம்பாவை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் நாலு பங்கு தண்ணீர் விட்டு, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். கஞ்சியாக வேண்டுமானால், ஊறியதை நிழலில் உலர்த்தி, ரவையாக உடைத்து, கைப்பிடி பாசிப்பருப்பும் சீரகமும் போட்டு வேக வைத்து, ஆறியதும் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள்.

ஒருநாள் சாயங்காலம் வயலுக்குக் கூட்டிப் போனாள். சம்பா அறுப்பு முடிந்து வெறும் தாள் நின்றது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ல் மூடுவது. அதனால் குடமுருட்டியிலும் தண்ணீர் சுண்டத் தொடங்கியிருந்தது. 'பாவம், எல்லாம் முடிஞ்சு போச்சு' என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், தாளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக இரண்டு இலை விட்டு என்னவோ முளைத்திருந்தது.

"உளுந்து" என்றாள் அத்தை. "அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே, நெல்லு நிக்கறப்பவே தெளிச்சுடுவோம். மிச்சம் இருக்கற ஈரத்துலயும் பனியிலயுமே வளர்ந்துடும். தனியா தண்ணி வேண்டாம். பங்குனியில பறிச்சுடலாம். நிலத்துக்கும் நல்லது."

பயறு வகைகளின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்பது எனக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். ஆனால் மிச்ச ஈரத்திலேயே ஒன்று வளரும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வரப்பில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். அத்தை அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்த பிறகு

மூன்று வாரம் இருந்தேன். பகலில் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே ஆபீஸ் வேலை. காலையில் நூற்றெட்டு, ராத்திரி அரிசி. கடைசி வாரத்தில் எண்ணிக்கை ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் தப்பியது. ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்போது சென்னையில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு மரம். ஒன்பது சுற்று சுற்றினால் நூற்றெட்டு. வாரத்துக்கு 150 நிமிஷ நடையும், இரண்டு நாள் தசைக்கு வேலையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தசைக்கு இளவட்டக் கல் இல்லாவிட்டாலும், ஐந்து கிலோ அரிசிப் பையை இடுப்புயரம் தூக்கி வைத்து எடுக்கிறேன். மூன்று மாசம் கழித்து ரத்தம் பார்த்தேன். 5.8. எடை நாலு கிலோதான் குறைந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த ஷூவை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டேன். நல்ல ஷூ, வீணாக்குவானேன்?

அவர் ஞாபகம் வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வருகிறது. ஒன்பது மணிக்கு இன்னும் ஒருமுறை போனைப் பார்க்கிறேன். பிறகு எழுந்து போய் அரிசி ஊறப் போடுகிறேன். ஊறப் போட்ட அரிசிக்காகவாவது காலையில் எழுந்திருக்க வேண்டுமே!

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு ஆகாத நேரம் இருந்தால், உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்துக்கு, நாளைக்குப் பயன்படும்படி ஒரு சின்ன வேலையைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டையும் நேரத்தையும் மாற்ற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். பணம் கிடையாது. வெட்கமும் வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: கும்பகோணம், தஞ்சாவூர் இரண்டு ஊரிலிருந்தும் அடிக்கடி பஸ் உண்டு. ரயில் நிலையமும் இருக்கிறது. கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். தை, மாசியில் போனால் வெயில் உறைக்காது, உளுந்து முளைத்திருப்பதையும் பார்க்கலாம். உள்ளே நூற்றேழு எண்ணியதும் திரும்பிவிடாதீர்கள். வெளியே ஒன்று பாக்கி இருக்கிறது.